தி டேம்ட் இரண்டாவது ஆல்பம்: சொதப்பியது நிக் மேசனா, பாட்டுகளா?

ஊசிமுனை:
லண்டன் பங்க் ராக் குழுவான தி டேம்டின் முதல் ஆல்பத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. 1977 பிப்ரவரியில் வந்தது, பிரிட்டனின் முதல் பங்க் ஆல்பம். அதே ஆண்டு நவம்பரில் வந்த 'மியூசிக் ஃபார் பிளஷர்' ஆல்பத்தை நேற்றுதான் முழுசாக உட்கார்ந்து கேட்டேன். சப்பென்று ஆகிவிட்டது. முதல் ஆல்பத்தில் டிரம்மர் ராட் ஸ்கேபிஸ் அடித்தால் நெஞ்சுக்கூடு அதிரும். இதில் டிரம்ஸ் மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு அடிக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது. வேகமும் முரட்டுத்தனமும்தான் பங்க். அதைத் தயாரிக்க, நீள நீளமாக இழைத்து வாசிக்கும் பிங்க் ஃப்ளாய்டின் டிரம்மர் நிக் மேசனைக் கூப்பிட்டால் வேறென்ன நடக்கும்?

மூணுகார்டு:
எல்லாப் பழியையும் மேசன் தலையில் கட்டுவது சுலபம். அவரா போய் வாய்ப்புக் கேட்டார்? குழு தேடியது பிங்க் ஃப்ளாய்டின் பழைய பாடகர் சிட் பாரெட்டை. அவர் அமையவில்லை, மேசன் வந்தார்.

கோளாறு பாட்டில் இருக்கிறது நண்பா. முதல் ஆல்பத்துக்கு கிதார் கலைஞர் பிரையன் ஜேம்ஸ் எழுதிய பாட்டுகள் 1976-இலிருந்து மேடையில் அடிபட்டு, வேண்டாதது உதிர்ந்து, கெட்டிப்பட்டவை. பாத்வே என்கிற குட்டி ஸ்டூடியோ, எட்டுத் தடம் மட்டுமே பதியும் கருவி, தயாரிப்பாளர் நிக் லோ டேப்பை ஓடவிட்டார், அவ்வளவுதான். அடுத்ததுக்குக் கிடைத்தது ஒன்பது மாதம். நடுவில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் வேறு. எப்போது எழுதுவது? யார் தயாரித்திருந்தாலும் அரைவேக்காடாகத்தான் வந்திருக்கும்.

ரீவைண்ட்:
இவ்வளவு மோசமா என்ன? இதில் வரும் 'பிராப்ளம் சைல்ட்' பாட்டு ஓடும்போது உங்கள் கால் தாளம் போடவில்லையா? லூ எட்மண்ட்ஸ் இரண்டாவது கிதாராகச் சேர்ந்ததில் ஒலி கொஞ்சம் தடித்திருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். இதையே பெயர் தெரியாத குழு போட்டிருந்தால் 'அபூர்வப் புதையல்' என்று நீங்களே கொண்டாடியிருப்பீர்கள்.

ஊசிமுனை:
இரண்டாவது கிதார் எங்கே கேட்கிறது, சொல்லுங்கள்? இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. காது இருப்பது எனக்கு மட்டும்தானா? வெளிவந்தபோதும் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் ஏறவில்லை, இசைத்தட்டு வெளியிட்ட ஸ்டிஃப் நிறுவனம் கைவிட்டது, ஸ்கேபிஸ் விலகினார், 1978 தொடக்கத்தில் குழுவே கலைந்தது.

மூணுகார்டு:
சரி, அடுத்த கட்டத்தையும் பாருங்கள். 1979-இல் பிரையன் ஜேம்ஸ் இல்லாமல் மறுபடி கூடினார்கள். கேப்டன் சென்சிபிள் பேஸிலிருந்து கிதாருக்கு மாறினார். 'மெஷின் கன் எட்டிக்கெட்' ஆல்பம் வந்தது, பிய்த்து உதறினார்கள். எழுதும் கை மாறியதும் ஆல்பம் தேறிவிட்டது. நான் சொன்னது இதைத்தான்.

ஊசிமுனை:
அதில் மேசனும் இல்லையே!

மூணுகார்டு:
ஹா ஹா. மாட்டிக்கொண்டேன்.

ரீவைண்ட்:
இரண்டு பேரும் கடைசிப் பாட்டை மறந்தேவிட்டீர்கள். 'யூ நோ'. ஜாஸ் கலைஞர் லால் காக்ஸ்ஹில் வந்து சாக்ஸபோன் ஊதுகிறார். கிதார் ஒரே ரிஃப்பை, அதாவது ஒரே சிறு இசைத் துணுக்கை, பிடித்துக்கொண்டு விடாமல் அரைக்கிறது, சாக்ஸபோன் அதன் மேல் ஏறி நின்று கத்துகிறது. முதல் ஆல்பத்தையே மறுபடி செய்திருந்தால் இது கிடைத்திருக்குமா? ஹெட்ஃபோன் போட்டு அதை மட்டும் கேளுங்கள், அப்புறம் திட்டுங்கள்.

ஊசிமுனை:
கேட்டேன். இரண்டு முறை. பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். டிரம்ஸ் மேல் கம்பளி அப்படியேதான் இருக்கிறது.

மூணுகார்டு:
அந்த ஒரு பாட்டுக்காக ஆல்பம் முழுக்கக் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ரீவைண்ட்:
காத்திருக்காதீர்கள். இசைத்தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை நேரே கடைசியில் வையுங்கள்.