திரையைக் காலியாக்கிவிட்டேன், தமிழா ஆங்கிலமா தெரியவில்லை, உதவுங்கள்

காரைக்குடி அச்சகம்:
அவசரம். ஐகான் எல்லாம் எடுத்தாச்சு, கீழ்ப் பட்டையையும் மறைத்தாச்சு, வெறும் கருநீலத் திரை இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும். ஆனால் விசைப்பலகை எந்த மொழியில் நிற்கிறது என்றே தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகையில் இளையாத்தங்குடி என்று அடித்தால் நாலு ஆங்கில எழுத்து விழுந்த பிறகுதான் தெரிகிறது. பட்டை வேண்டாம், வேறு வழி சொல்லுங்கள்.

தேவகோட்டையான்:
விண்டோஸா லினக்ஸா? எந்த டெஸ்க்டாப்? விசைப்பலகை அமைப்பு தமிழ்99ஆ, அஞ்சலா?

எழுத்துரு மாமா:
இது ஃபான்ட் கோளாறு. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். யூனிகோடுக்கு மாறுங்கள்.

டெர்மினல் தாத்தா:
தம்பி, பட்டையை மறைப்பதெல்லாம் மினிமலிசம் ஆகாது. விசைகளாலேயே ஜன்னல்களை அடுக்கும் ஐ3 போடுங்கள், 2009லேயே வந்தது, மௌஸைத் தொடவே வேண்டாம். அடிப்படை தெரிந்துகொண்டு கேள்வி கேட்டால் நல்லது.

கானாடுகாத்தான்:
அண்ணே, பத்திரிகை நாளைக்கு அச்சுக்குப் போகணும், இப்போது போய் ஐ3 பழகச் சொல்கிறீர்களே. நம்ம செட்டிநாட்டு வீட்டு வளவை, அந்த நடு முற்றத்தைப் பாருங்கள், சாமான் எல்லாம் அறைக்குள்ளே, நடுவில் வெற்றிடம். அவர் கேட்பது அதுதான்.

டெர்மினல் தாத்தா:
பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்த வீட்டையா எளிமை என்கிறீர்கள்?

கானாடுகாத்தான்:
தூண் பாரம் தாங்குகிறது, கல் காலுக்குக் குளிர்ச்சி. வேலை செய்வது இருக்கட்டும், மற்றதை எடுங்கள் என்கிறேன். மொழி அடையாளம் வேலை செய்கிற பொருள், அதைப் போய் மறைக்கக் கூடாது.

தேவகோட்டையான்:
வீட்டை விடுங்கப்பா. கேட்டவர் எங்கே?

காரைக்குடி அச்சகம்:
லினக்ஸ், டெஸ்க்டாப் எக்ஸ்எஃப்சிஇ, மொழி மாற்ற ஐபஸ், தமிழ்99. ஃபான்ட் யூனிகோடுதான்.

எழுத்துரு மாமா:
பேனல், அதாவது அந்தக் கீழ்ப் பட்டை, அதன் அமைப்பில் தானாக மறைவதை ‘இன்டெலிஜென்ட்லி’ என்று வைத்துப் பாருங்கள்.

தேவகோட்டையான்:
அது உதவாது மாமா, ஜன்னல் மேலே வந்தாலே பட்டை ஒளிந்துகொள்ளும், பத்திரிகை வேலையில் ஜன்னல் திரை முழுக்க இருக்கும். புதிதாக ஒரு குட்டிப் பேனல் சேருங்கள், கீழே வலது மூலையில். பழையதில் இருக்கிற, மொழி அடையாளம் காட்டும் ஸ்டேட்டஸ் ட்ரேயை எடுத்துவிட்டு இதில் போடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். தானாக மறைவதை ‘நெவர்’ ஆக்கி, திரை ஓரத்தில் இடம் ஒதுக்காதே என்பதையும் டிக் செய்தால் ஜன்னல் சுருங்காது. சூப்பர் (விண்டோஸ் விசை)+ஸ்பேஸ் அழுத்தி அடையாளம் மாறுகிறதா பாருங்கள்.

காரைக்குடி அச்சகம்:
மாறுகிறது. விரல் நகம் அளவுதான் இருக்கிறது, உறுத்தவில்லை. நன்றி அண்ணே, புரூஃப் அனுப்பணும்.