வளவில் நவீன நாடகம்: விடலாமா, கூடாதா?

முகப்புத்திண்ணை:
நாங்கள் செட்டியார்கள், செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. பொங்கல், மூத்தவர்களுக்குப் படைப்பு, கல்யாணம் என்றால் திறப்போம், மற்ற நாளெல்லாம் பூட்டும் வௌவாலும்தான். இப்போது சென்னையிலிருந்து ஒரு கலைக்குழு வந்து மாசியில் பத்து நாள் வீட்டைத் தாருங்கள் என்று கேட்கிறது. மேல்மாடிக் கம்பியிலிருந்து நடுமுற்றமான வளவுக்குள் பழைய கண்டாங்கிச் சேலைகளைத் தொங்கவிடுவார்களாம், அறைக்குள் நுழைந்தால் ரங்கூனுக்கும் ஊருக்கும் போய்வந்த கடிதங்களை யாரோ வாசிக்கிற குரல் கேட்குமாம், கடைசி இரண்டு ராத்திரி வளவிலேயே நவீன நாடகம். வாடகை சினிமாக்காரர்கள் தருவதில் பாதிகூட இல்லை, ஆனால் டிக்கெட் பணத்தில் ஒரு பங்கை ஓடு மாற்றத் தருகிறோம் என்கிறார்கள். பங்காளிகளில் பாதிப் பேர் சரி, பாதிப் பேர் கூடவே கூடாது. கூட்டம் போடுவதற்கு முன் இங்கே கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

பர்மாத்தேக்கு:
கூடாது. அது வீடு, அவ்வளவுதான் காரணம். தாலி கட்டுகிற திருப்பூட்டு நடந்த இடம், மூத்தவர்களுக்குச் சேலையும் வேட்டியும் வைத்துப் படைத்துக் கும்பிடுகிற இடம். நம் வீட்டில் சேலைக்கு ஏற்கெனவே ஒரு அர்த்தம் இருக்கிறது தம்பி, அதை மாடியிலிருந்து தொங்கவிட்டுக் கலை என்று பெயர் வைக்க வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை.

ஆயாவீடு:
அண்ணே, அந்த வீடு கட்டினபோது ஊரில் அதைவிடப் புதுசு எதுவும் கிடையாது. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் பூக்கல், வாசலுக்கு மேலே கஜலட்சுமிக்குப் பக்கத்திலேயே தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய். ரவிவர்மா 1894-ல் அச்சகம் வைத்து அச்சடித்த படங்களை நம் ஐயாமார்கள் வாங்கி வந்து பட்டாலைக் கூடத்தில் வரிசையாக மாட்டினார்களே, அன்றைக்கு அதுதானே சமகாலக் கலை? 1930களில் கட்டின வீடுகளைப் பாருங்கள், பாதி ஆர்ட் டெகோ, அன்றைய மேல்நாட்டுப் புதுப் பாணி. 1942-ல் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது, பணம் வருவது நின்றது, வீட்டில் புதுசாக எதுவும் சேரவில்லை. காசு இல்லாமல் நின்றுபோனதை நாம் பாரம்பரியம் என்று நினைத்துக்கொண்டோம். பக்கத்தில் கொச்சியைப் பாருங்கள், 2012-லிருந்து பியனாலே என்கிற கலைத் திருவிழா நடக்கிறது, ஆஸ்பின்வால் ஹவுஸுக்கு எங்கிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

பர்மாத்தேக்கு:
ஆஸ்பின்வால் ஹவுஸ் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கும் ஆபீஸும். மிளகு மூட்டை கிடந்த இடத்தில் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், யாருடைய பாட்டியும் அங்கே பிள்ளை பெறவில்லை.

சிங்கப்பூர்ப்பேரன்:
பிரான்ஸில் வெர்சாய் அரண்மனையில் 2008-ல் ஜெஃப் கூன்ஸ் என்ற அமெரிக்கச் சிற்பியின் வேலைகளை வைத்தார்கள். பளபள சிங்கி இறால், பலூன் நாய் இந்த மாதிரி. பதினான்காம் லூயி வம்சத்து வாரிசு ஒருவர் முன்னோர்களுக்கு அவமானம் என்று வழக்குப் போட்டார், தோற்றார். அரண்மனைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றும் கூட்டம் குறையவில்லை.

பர்மாத்தேக்கு:
தோற்கத்தான் செய்வார், அரண்மனை அரசாங்கத்துச் சொத்து. இங்கே வாரிசு உயிரோடு இருக்கிறான், சாவியும் அவன் கையில் இருக்கிறது.

சுண்ணாம்பு:
இரண்டு பக்கமும் மனசைப் பற்றியே பேசுகிறீர்கள், சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் இந்தப் பக்கத்து வீடுகளில் மராமத்து வேலை செய்கிறவன். முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடித்தால் ஆணி போகிற இடம் மட்டும் உடையாது, சுற்றிலும் பத்தை பத்தையாகப் பெயரும், அதே வழுவழுப்பில் ஒட்டுப்போடத் தெரிந்த கொத்தனார்கள் மிகக் குறைவு. சிமெண்டால் அடைத்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பக்கத்துப் பூச்சையும் தள்ளிவிடும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் பெயிண்டோ எண்ணெயோ சிந்தினால் உள்ளே இறங்கிவிடும், துடைத்தால் போகாது, ஸ்பீக்கர் ஸ்டாண்டை இழுத்தால் கீறல் விழும். இதெல்லாம்கூடச் சின்ன விஷயம். பெரியது மேல்மாடி. தேக்கு உத்திரத்தின் தலை சுவருக்குள் புதைந்திருக்கிற இடத்தில்தான் மழைத்தண்ணீர் இறங்கி முதலில் உளுக்கும், கீழே நின்று பார்த்தால் மரம் எண்ணெய் தேய்த்தது போலப் பளபளவென்றுதான் தெரியும். அதன் மேலே ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கைப்பிடி ஓரமாகச் சாய்ந்து நின்று நாடகம் பார்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால் சினிமாக்காரர்கள் டிராலி தண்டவாளம் போட்டு, சுவரில் வேறு கலர் அடித்து, ஜெனரேட்டரை முகப்பிலேயே நிறுத்திவிட்டுப் போகிறார்கள், அப்போது எந்தப் பங்காளிக்கும் மூத்தவர்கள் ஞாபகம் வருவதில்லை.

பர்மாத்தேக்கு:
சினிமாவுக்கு விட்டதையும் நான் எதிர்த்தேன்.

ஆயாவீடு:
எதிர்த்தீர்கள், ஆனால் பங்கை வாங்கிக்கொண்டீர்கள் அண்ணே.

கூத்துக்காரன்:
நான் நாடகக்காரன், அதனால் என் கட்சி தெரிந்ததுதான். வளவு மாதிரி ஒரு அரங்கத்தை இன்றைக்கு யாரும் கட்டித் தரமாட்டார்கள். மேலே வானம், நாலு பக்கமும் தூண், நாலு பக்கமும் ஆட்கள் உட்காரலாம், தவில் அடித்தால் மைக் வேண்டாம். இந்தச் சீமை கலைக்குப் பயந்த சீமையும் இல்லை. காரைக்குடியில் 1939-லேயே சா. கணேசன் கம்பன் கழகம் ஆரம்பித்தார், ஏவிஎம் சென்னையில் நிலைப்பதற்கு முன்னால் தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்தது, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைக்காக நின்றபோது எதிர்ப்பு கொஞ்சமா? இன்றைக்கு வீட்டை இடித்துத் தூணையும் கதவையும் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் கிலோக் கணக்கில் போடுகிறோம், அதற்கு விவாதம் நடத்தக் காணோம், பத்து நாள் நாடகத்துக்கு இவ்வளவு விவாதம்.

நாலாங்கட்டு:
எல்லோரும் உள்ளே இருந்தே பேசுகிறீர்கள். என் அப்பத்தா இந்த மாதிரி ஒரு வீட்டில் நெல் குத்தியவர். பின்வாசல் வழியாக உள்ளே போவார், வீட்டின் பின்பகுதியான நாலாங்கட்டோடு திரும்புவார், வளவு எப்படி இருக்கும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கு நாடகம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே இல்லை. டிக்கெட் எவ்வளவு? சென்னைக்காரரும் வெள்ளைக்காரரும் கார் போட்டு வந்து பார்த்துவிட்டுப் போக, ஊர்க்காரன் வாசலில் வண்டி நிறுத்த இடம் காட்டிக்கொண்டு நிற்பானா? அப்படியென்றால் பழையபடியே பூட்டி வையுங்கள், எங்களுக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை.

முகப்புத்திண்ணை:
குழுவிடம் கேட்டேன். ஒரு ராத்திரி ஊருக்கு இலவசம் என்கிறார்கள்.

நாலாங்கட்டு:
எந்த ராத்திரி? ஒத்திகை ராத்திரியா?

பர்மாத்தேக்கு:
இவர் கேட்பது நியாயமான கேள்வி, நான் மறுக்கவில்லை. எனக்கு ஆணியோ சேலையோகூடப் பெரிசில்லை, கடிதம்தான் பெரிசு. அந்தக் காலத்தில் பர்மாவில் வட்டிக்கடைக்குப் போகிறவர்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள், இடையில் ஊர் வரமுடியாது, வீட்டுப் பெண்கள் எழுதினது எல்லாம் வீட்டில் இருக்கிற அந்தக் கடிதப் பெட்டியில் இருக்கிறது. அதை எழுதின ஆச்சி, ஊர் பேர் தெரியாத ஒரு நடிகை ஸ்பீக்கரில் படிக்கட்டும் என்றா எழுதினார்? அதுவும் அந்த அறைக்குள்ளேயே.

ஆயாவீடு:
இப்போதுதான் உண்மையான இடத்துக்கு வந்தீர்கள். கடிதத்தில் பெண்கள் அழுதது மட்டும் இல்லை அண்ணே, ரங்கூனில் விட்டுவந்த இன்னொரு குடும்பமும் சில கடிதங்களில் இருக்கும் என்பதுதான் பயம். கணக்கும் இருக்கும். கீழ்பர்மாவின் முக்கியமான நெல் விளைகிற 13 மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். நெல் விலை விழுந்து கடன் திருப்ப முடியாத பர்மாக்காரன் நிலம் அது. நம் ஆட்கள் அதற்காகத் திட்டம் போட்டுப் போகவில்லை, பணம்தான் வேண்டியிருந்தது, நிலம் தலையில் விழுந்தது, அதுவும் தெரியும். ஆனால் அந்தத் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கிற கல்யாணப் பெண்ணிடம் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை. சொல்கிறவர்களை வீட்டுக்குள் விட்டால்தான் உண்டு.

பர்மாத்தேக்கு:
சொல்லட்டும், புத்தகமாகப் போடட்டும், காரைக்குடியில் மண்டபம் எடுத்து நாடகம் போடட்டும், நானே முன்வரிசையில் உட்காருகிறேன். படைக்கிற வீட்டில் படைக்கப்படுகிறவர்களை நிறுத்திவைத்து விசாரணை வேண்டாம். இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

கூத்துக்காரன்:
மண்டபத்தில் போட்டால் அது நாடகம் மட்டும்தான் ஐயா. அந்த வாசற்படியில் நின்று பேசினால்தான் பார்க்கிறவனுக்கு உறைக்கும், குழு இந்த வீட்டைக் கேட்டதே அதற்காகத்தானே.

பர்மாத்தேக்கு:
உங்களுக்கு உறைப்பதற்கு எங்கள் வாசற்படியா?

சுண்ணாம்பு:
இது முடியாது போல. நான் நடைமுறையைச் சொல்கிறேன். மேல்மாடிக்கு ஆள் ஏறக்கூடாது, கயிற்றால் அடைத்துவிடுங்கள். சேலை தொங்கவிட வளவுக்குள்ளேயே தனியாகச் சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டச் சொல்லுங்கள், அடியில் பலகையும் சாக்கும் போட்டு, தூணிலோ மாடிக் கம்பியிலோ முடிச்சுக்கூட விழக்கூடாது. விளக்கு எல்.இ.டி மட்டும், பழைய வயரிங்கில் ஒன்றும் செருகாமல் வெளியிலிருந்து தனி லைன். தஞ்சாவூர்ப் படங்களை முன்கூட்டியே கழற்றிப் பூட்டிய அறையில் வையுங்கள். டிக்கெட்டில் பங்கு என்பதை நம்பாதீர்கள், ஓடு மாற்றுகிற பணத்தை முன்பணமாக வாங்குங்கள், வாங்கினதும் நாடகத்துக்கு முன்னாலேயே ஓடு மாற்றுங்கள். மாசியில் மழை இருக்காது என்று நினைக்கவேண்டாம்.

முகப்புத்திண்ணை:
சரி, கூட்டம் முடிந்தது. இரண்டாங்கட்டும் சாமி அறையும் பூட்டு, மேல்மாடி பூட்டு, முகப்பும் வளவும் மட்டும் தருகிறோம். சுண்ணாம்பு சொன்னதை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது, முன்பணத்துக்கும் ஒத்துக்கொண்டார்கள். ஊருக்கு இலவசம் இரண்டாவது ராத்திரி, ஒத்திகை இல்லை. கடிதம்தான் முடிவாகவில்லை. குழு முழுப் பெட்டியும் கேட்கிறது, பெரியப்பா மகன்கள் ஒரு தாளும் தரமாட்டோம் என்கிறார்கள், வீட்டுப் பெண்கள் முதலில் நாங்கள் உட்கார்ந்து வாசிக்கிறோம், அப்புறம் எதைக் கொடுப்பது என்று நாங்கள் சொல்கிறோம் என்கிறார்கள்.

பர்மாத்தேக்கு:
பெண்கள் வாசிக்கட்டும். நான் வரமாட்டேன், என் பங்கு முன்பணத்தையும் ஓட்டிலேயே போட்டுவிடுங்கள்.

நாலாங்கட்டு:
இரண்டாவது ராத்திரி எத்தனை மணிக்கு? முன்வாசல் வழியாகத்தானே?

முகப்புத்திண்ணை:
ஏழு மணி. முன்வாசல்தான்.