கோடியக்கரைக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? பூநாரை நிஜமாகவே கண்ணில் படுமா?

ஈரோட்டுக்காரன்:
ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகிறோம். அங்கிருந்து அப்படியே கோடியக்கரைக்கும் ஒரு எட்டு போய்வரலாம் என்று யோசனை. ஆறாவது படிக்கிற என் மகள் பாடப் புத்தகத்தில் பூநாரை படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாதமாக அதே பேச்சு. அம்மாவுக்கு ஆதிசேதுவில் (கோடியக்கரைக் கடலில் புனித நீராடும் இடம்) குளிக்க வேண்டும், அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. ஆனால் போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்தால் பாதிப் பேர் "ஒன்றுமே இல்லை, வெறும் சேறு, நாள் வீண்" என்கிறார்கள், மீதிப் பேர் சொர்க்கம் என்கிறார்கள். எதை நம்புவது? அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

உப்பளத்து ஓரம்:
எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை சார். மெரினா மாதிரி மணல், பஜ்ஜிக் கடை, ராட்டினம் என்று நினைத்து வந்தால் ஏமாந்துதான் போவீர்கள். நம் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து இந்த இடத்தில்தான் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. நீரிணைப் பக்கம் ஆழம் கிடையாது, அலையும் அவ்வளவாக இருக்காது, தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இந்தக் கரையெங்கும் சேறு ஏறியது, அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் இன்னமும் சேறு சேறு என்கிறார்கள். கஜாவில் எங்கள் பக்கம் போன மாமரங்களையும் தென்னைகளையும் நினைத்தால் சேறெல்லாம் ஒரு விஷயமே இல்லை, அது வேறு கதை.

ஜனவரியில் வருகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் கோடியக்கரையில் மீன்பிடி சீசன். நாகை, காரைக்கால் பக்கமிருந்து மீனவர்கள் படகோடு வந்து கரையிலேயே கொட்டகை போட்டுத் தங்கிவிடுவார்கள். மற்ற மாதங்களில் தூங்கி வழிகிற ஊர் அப்போது சந்தை மாதிரி ஆகிவிடும். காலையில் படகுகள் கரை சேரும் நேரத்துக்குப் போய் நின்றால் காலா, வாவல், ஷீலா, திருக்கை, நண்டு என்று கூடை கூடையாக இறங்கி ஏலம் போகும். உங்கள் மகள் பூநாரையை மறந்துவிட்டுத் திருக்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், எழுதித் தருகிறேன்.

கொசு உள்ளான்:
பறவை பார்ப்பதற்காகவே ஏழெட்டு முறை போயிருக்கிறேன், அதனால் பூநாரைக்கு மட்டும் பதில். அவை ஆழமான தண்ணீரில் நின்று மேயாது. முழங்கால் அளவு உப்புத் தண்ணீரும் அடியில் சேறும் வேண்டும், தலையைக் கவிழ்த்து அலகால் சலித்துத் தின்னும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷம் டிசம்பரில் சதுப்பு நிலம் முழுக்கத் தண்ணீர் நிரம்பி நிற்கும், பூநாரை எங்கோ தூரத்தில் சிதறிக் கிடக்கும். தண்ணீர் வடிய வடியத்தான் கூட்டம் சேரும். அதனால் உங்கள் ஜனவரி கடைசி நல்ல கணக்குதான், ஆனால் உறுதி சொல்ல முடியாது. ஒருமுறை நான் மூன்று நாள் தங்கிப் பார்த்த ஒரே பூநாரை வனத்துறை விடுதிப் பலகையில் இருந்ததுதான் (விடுதியின் பெயரே பூநாரை இல்லம்!). அடுத்த வருஷம் போனால் அடிவானத்தில் வெள்ளையும் ரோஜாவுமாக ஒரு கோடு, பைனாகுலரில் பார்த்தால் அந்தக் கோடு முழுக்கப் பறவை.

பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். போனதும் வன அலுவலகத்தில் "இந்த வாரம் பறவை எந்தப் பக்கம்" என்று கேட்டுவிட்டுப் போங்கள், நீங்களாகத் தேடி அலைய வேண்டாம். மகளிடம் உள்ளான்களையும் (சேற்றில் இரை தேடும் சின்னக் கரைப்பறவைகள்) காட்டுங்கள். என் பெயரில் இருக்கிற கொசு உள்ளான் ஏறக்குறையக் குருவி அளவுதான், வடதுருவத்துப் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. பறவை ஆய்வாளர் சலீம் அலி காலத்திலிருந்தே இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள், வரும் வழி தெரிவது அதனால்தான். 2002இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்ததும் இந்தச் சதுப்பு நிலத்துக்காகத்தான்.

பேருந்துப் பயணி:
எனக்கு இவர்கள் அளவுக்கு உற்சாகம் இல்லை, மன்னிக்கவும். நான் போனது மே மாதம், உச்சி வெயில், ஒரு பறவை இல்லை, சாப்பாட்டுக்கு வேதாரண்யம் திரும்ப வேண்டியதாகிவிட்டது. வாடகை வண்டிக்காரர் வேறு காட்டுக்குள் வர மாட்டேன் என்று செக்போஸ்டிலேயே இறக்கிவிட்டுவிட்டார். குழந்தை, பெரியவர்கள் இருந்தால் வண்டி பேசும்போதே "சரணாலயத்துக்குள்ளும் வர வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

உப்பளத்து ஓரம்:
மே மாதம் வந்தால் நாங்களே வீட்டை விட்டு வெளியே வர மாட்டோம் அண்ணே!

வண்டி விஷயம் அவர் சொல்வது சரி. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். வழியில் அகஸ்தியம்பள்ளி வரும், 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம், நினைவுத் தூண் இருக்கிறது, ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். சரணாலயத்துக்குள் விடிகாலை அல்லது சாயங்காலம் போனால் வெளிமானை வண்டியிலிருந்தே பார்க்கலாம், அப்பா இறங்கவே வேண்டாம். கலைமான் கொம்பு திருகித் திருகிப் போயிருக்கும், பெட்டைக்குக் கொம்பு கிடையாது. மட்டக்குதிரைகளும் மேயும், ஒரு காலத்தில் வீட்டுக் குதிரையாக இருந்து காட்டோடு போனவை. ராமர் பாதம் ஒரு சின்ன மேடுதான், ஆனால் இந்தத் தட்டை நிலத்தில் அதுதான் எங்களுக்கு மலை!

கடலோரக் கிழவன்:
தம்பி, எல்லோரும் கோடியக்கரைக் குழகர் கோயிலை, அந்தச் சிவன் கோயிலை விட்டுவிட்டீர்களே. சுந்தரர் சேரமான் பெருமாளோடு வந்து பாடிய தலம். மற்ற ஊர்களில் பொன் கேட்டவர், நெல் கேட்டவர், இங்கே எதுவும் கேட்கவில்லை. கடல் காற்று இப்படி வீசுகிற கரையில், பக்கத்தில் ஒரு குடி கூட இல்லாமல் தனியாக இருக்கிறீரே, உமக்கு யார் துணை என்று சாமிக்காக வருத்தப்பட்டுப் பாடுகிறார். உச்சிப் பொழுதில் அந்தப் பிராகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அவர் சொன்னது அப்படியே விளங்கும், காற்றும் காக்கையும் தவிரச் சத்தமே இருக்காது. உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும்.

ஈரோட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. வேதாரண்யத்தில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு விடியற்காலை ஏலம், அப்புறம் அம்மாவுக்குக் கடல், குழகர் கோயில், மதியம் ஓய்வு, சாயங்காலம் மான், பறவை என்று போட்டிருக்கிறேன். பைனாகுலரை மாமாவிடம் கடன் கேட்டாயிற்று.

உப்பளத்து ஓரம்:
நல்ல திட்டம் சார். ஒன்று மட்டும், காலண்டரில் தை அமாவாசை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஆதிசேதுவில் கால் வைக்க இடம் இருக்காது, வேதாரண்யத்தில் அறையும் கிடைக்காது. அம்மா அமாவாசை அன்றுதான் குளிப்பேன் என்றால் சரி, இருட்டோடு கிளம்பி வந்துவிடுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அமாவாசை அன்றுதானாம். தேதியை மாற்றப் போகிறேன்.