தோஹாவில் பெறுவதா, ஊருக்குப் போவதா?

ஆரையம்பதியாள் (தோஹா):
எனக்கு இப்போது ஏழாம் மாதம். இங்கே ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கத்தார்ச் சட்டப்படி சம்பளத்தோடு 50 நாள் பிரசவ விடுமுறை. அதில் 35 நாளாவது பிள்ளை பிறந்த பின் கிடைக்க வேண்டும். 31ஆம் நாள் துடக்கு (பிரசவத் தீட்டு) கழித்து நிமிர்வதற்குள் அலுவலகம் கூப்பிட்டுவிடும்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து அங்கே இருப்பார், பிள்ளையை அம்மம்மா பார்ப்பார். என் அக்காவுக்கு இந்தக் கவலையே வந்ததில்லை. இங்கே வாடகை வீடு, கணவருக்குப் பாதி மாதம் இரவு வேலை. அம்மாவை விசிட் விசாவில் வரச் சொன்னால், "மாட்டுக்கு யார் தண்ணீர் வைப்பது, அப்பாவுக்கு யார் இன்சுலின் போடுவது?" என்கிறார். மாடு முதலில் வந்ததைக் கவனியுங்கள்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் பெற்று, பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வா என்கிறார் மாமி. அப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காத்தான்குடியாள் (கத்தார்):
தங்கச்சி, போவதென்றால் இப்போதே முடிவெடுங்கள். 36 வாரம் ஆனால் பெரும்பாலான விமானங்களில் ஏற்றமாட்டார்கள். அதற்கு முன்பே டாக்டர் கடிதம் கேட்பார்கள்.

இங்கே பெறுவதென்றால் விவாகச் சான்றிதழை வெளிநாட்டு அமைச்சில் அத்தாட்சிப்படுத்தி எடுத்து வையுங்கள். நான் பிள்ளை பிறந்த பிறகுதான் அதைத் தேடினேன். பாவம் உம்மா, இரண்டு தடவை கொழும்புக்கு இரவு பஸ் ஏறினார். பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதியுங்கள். பிள்ளையின் குடியுரிமை அதில்தான் இருக்கிறது.

வேலைக்குத் திரும்பிய பின் ஒரு வருடத்துக்குப் பாலூட்டத் தினமும் ஒரு மணித்தியாலம் உண்டு. கேட்டால்தான் தருவார்கள். நான் அந்த ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விடுவேன்.

அக்கரைப்பற்றுக்காரி:
விட்டுவிட்டு வராதீர்கள். உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு இரண்டு வயது. அங்கே வேறொருத்தியின் பிள்ளையைத் தூக்கி வளர்த்தார். என்னை மூத்தம்மா (பாட்டி) வளர்த்தார். உம்மா திரும்பி வந்த அன்று மூத்தம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். கொண்டுவந்த பொம்மையை மட்டும் கை நீட்டி வாங்கினேன். உம்மா அதை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார், எனக்குச் சிரிப்பு வராது.

வீட்டில் ஆள் வைப்பதென்றால் வையுங்கள். கத்தாரில் 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அவருக்கு நாளொன்றுக்குப் 10 மணித்தியாலம்தான் வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. இரவில் பிள்ளை அழுதால் எழும்ப வேண்டியது நீங்கள்.

களுவாஞ்சிகுடி அண்ணன்:
பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. யார் வந்தாலும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச்சரக்கை வறுத்து இடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். என் மனைவி இங்கே கடைகடையாக ஏறி இறங்கினாள்.

ஆரையம்பதியாள்:
அக்கரைப்பற்று அக்கா எழுதியதை அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். இன்று காலை அவரே எடுத்தார். மாடு இரண்டையும் சித்தப்பா அவிழ்த்துக்கொண்டு போகிறாராம், அப்பா இன்சுலின் போடப் பழகுகிறாராம். விசா முடிந்து அவர் திரும்பிய பின் யார் பார்ப்பது என்று இன்னும் தெரியவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அம்மா கேட்டார்: "வேது வைக்க அங்கே நொச்சி இலை கிடைக்குமா, இல்லை காயவைத்துக் கட்டவா?"