ரயில் பாதை அகலமாகிறது, ஓடை கலங்குகிறது: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, எங்கள் பூங்காவை ஒட்டிப் போகும் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்குகிறார்கள். ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் அதில்தான் போகிறேன். கவலையெல்லாம் ஓடையைப் பற்றித்தான். பாதையைத் தாங்கும் கரைமேட்டுக்குக் கொட்டிய மண் ஒரே மழையில் கரைந்து, கூழாங்கல் இடுக்கெல்லாம் சேறு. சில மீன்கள் முட்டையிடுவதே அந்த இடுக்கில்தான். ஓரமாக வண்டல் தடுப்புத் துணி கட்டினாலே பெருமளவு நின்றுவிடும், அதைக்கூடச் செய்யவில்லை.

அப்புறம், பாதைக்கு அடியில் ஓடையைக் குழாய் வழியாக விடும் சிறுபாலத்தை நீட்டும்போது, அந்தக் குழாயின் அடிமட்டம் ஓடைப் படுகையைவிட உயர்ந்துவிட்டால் மீன் மேலே ஏறாது. வரைபடத்தில் இந்த மட்டத்தை எங்கே பார்ப்பது? கூடு கட்டும் காலம் முடியும்வரை மரம் வெட்டாதீர்கள் என்று மனு கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த கட்டப் பணிக்கான கருத்துக் கேட்புக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.