பழைய முதிரை யன்னல்களை மாற்றுவதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

கல்லடியூரான்:

வணக்கம். மட்டக்களப்புக் கல்லடியில், கடலிலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் தொலைவில் உள்ள எங்கள் வீட்டின் யன்னல்களைப் பற்றி அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். 1978 நவம்பர் சூறாவளியில் கூரையை இழந்த பழைய வீட்டை இடித்துவிட்டு, 1981இல் அப்பா கட்டிய கல்வீடு இது. நிலைகள் முதிரை மரம், கதவுகள் தேக்கு; நிலைகளுக்குக் குறுக்காக இரும்புக் கம்பிகள் கோக்கப்பட்டிருக்கின்றன. நாலரை அடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட பெரிய யன்னல்கள் எட்டு; குளியலறைப் பக்கத்திலும் களஞ்சிய அறையிலும் மூன்றடிக்கு மூன்றடி அளவில் சிறியவை மூன்று. கிழக்கும் வடக்கும் பார்த்தவை மாரியில் ஊறி, மூட முடியாமல் போய்விடுகின்றன. அவற்றுள் இரண்டில் கம்பி துருவேறிப் பருத்து, நிலையையே பிளந்துவிட்டது. எழுபது வயதைக் கடந்த அம்மாவால் அவற்றை இழுத்துக் கொண்டி போட முடியவில்லை என்பதால் இனியும் தள்ளிப்போட இயலாது.

அலுமினியம் பொருத்துபவர் ஒருவர் வந்து அளந்து பார்த்து, இழுவை யன்னலுக்குக் கண்ணாடியுடன் சதுர அடி 2,600 ரூபாய் என்றார். மொத்தம் 171 சதுர அடி. ஆகவே 444,600 ரூபாய். அயலில் உள்ள ஓடாவியோ நிலையையும் கதவையும் தேக்கில் புதிதாகச் செய்வதற்குப் பெரியது ஒன்றுக்கு 65,000, சிறியது ஒன்றுக்கு 35,000 என்று கணக்கிட்டார். அது 625,000 ரூபாய், கண்ணாடியும் பெயின்ற்றும் நீங்கலாக. இந்த இரண்டு கணக்கிலும் எழுதப்படாத செலவுகள் எவை, கடற்காற்றுக்கு எது தாக்குப்பிடிக்கும், பதினொன்றையும் ஒரே தடவையில் மாற்றத்தான் வேண்டுமா என்பவற்றைத் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். கையில் இப்போதைக்கு மூன்று இலட்சம் ரூபாய் இருக்கிறது. மிகுதிக்குக் கடன்பட விருப்பமில்லை.

களுவாஞ்சிகுடி மேற்பார்வையாளர்:

உங்களுக்குக் கிடைத்த இரண்டு கணக்கிலும் சுவர் வேலை சேர்க்கப்படவில்லை என்றே தெரிகிறது. நிலையை முதலில் நிறுத்தி, அதைச் சுற்றிச் சுவரை எழுப்புவதே அக்காலத்து வழக்கம். நிலையின் மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் இருபக்கமும் சுவருக்குள் சில அங்குலம் நீண்டிருக்கும்; பக்கச் சட்டங்களில் அறைந்த இரும்புப் பட்டைகளும் கல்லுக்குள் புதைந்திருக்கும். ஆகவே நிலையைக் கழற்றுவது என்றால் இரு ஓரத்தையும் உடைத்து, மேசன் மறுபடி கல் வைத்து, உள்ளும் புறமும் பூசி, அது காய்ந்த பின்னர் பெயின்ற் அடிப்பது வரை வேலை நீளும். புதிதாகப் பூசிய ஓரத்துக்கு மட்டும் அடித்தால் நிறம் பொருந்தாது என்பதால், பெரும்பாலும் அந்தச் சுவர் முழுவதற்கும் அடிக்க வேண்டி வரும். இந்தத் தொகையை மேசனிடம் தனியாகக் கேட்டு, ஒவ்வொரு யன்னலின் மேலும் ஏற்றிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

அதைவிட முக்கியமானது, யன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் கொங்கிறீற் லின்ரல் (குறுக்கு உத்தரம்) இருக்கிறதா என்பது. சில பழைய வீடுகளில் மேலுள்ள கற்களின் பாரத்தை நிலையின் மேற்சட்டமே தாங்கிக்கொண்டிருக்கும். முட்டுக் கொடுக்காமல் அதை உருவினால் மேற்சுவர் இறங்கிவிடும். யன்னலின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு ஏதாவது தென்படுகிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் மேலே ஓரிடத்தில் பூச்சைச் சிறிதளவு கொத்திப் பார்ப்பதில் நட்டமில்லை. லின்ரல் இல்லையென்று வேலை நடுவில் தெரிய வந்தால் செலவும் ஆபத்தும் பல மடங்காகும்.

அடுத்து, பாதுகாப்பு. உங்கள் கம்பிகள் நிலையோடு சேர்ந்தவை. நிலை போனால் கம்பியும் போய்விடும்; அலுமினியக் கணக்கில் கிறில் இருக்காது, அதைத் தனியாகச் செய்விக்க வேண்டும். நுளம்பு வலையும் அப்படியே. வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அது விலைக்குள் அடங்கியிருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். உங்கள் 444,600 ரூபாயில் அது சேராதிருந்தால், தொகை 524,628 ரூபாயாகிவிடும். பதிவு பெற்றவர் மட்டுமே அந்த வரியை அறவிடலாம் என்பதால், பற்றுச்சீட்டில் அவரது வற் இலக்கம் இருக்க வேண்டும்.

காரைதீவு ஆசிரியை:

எங்கள் வீடும் கடற்கரைக்கு அண்மையிலேயே இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டியபோது முழுவதும் அலுமினியமே போட்டோம். உப்புக்காற்றுக்கு அலுமினியச் சட்டம் நன்றாகவே நின்றிருக்கிறது என்பதை நம்பிக்கையோடு சொல்வேன். ஆனால் சட்டத்தோடு சேர்ந்த சின்னஞ்சிறு பொருட்களே முதலில் போயின: இழுவைக் கதவின் அடியில் உள்ள உருளைகள், பூட்டு, இரும்புத் திருகாணிகள். இரும்புத் திருகாணியை அலுமினியத்தில் ஏற்றினால், இரண்டும் தொடுமிடத்தில் உப்பு ஈரம் பட்டு அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். திருகாணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்வதை எங்கள் சமையலறை யன்னலில் இன்றும் காணலாம். கறையேறா உருக்கில் 316 என்ற தரம், 304 என்ற வழக்கமான தரத்தை விட உப்பை நன்றாகத் தாங்கும். திருகாணி, பிணைச்சல் எல்லாவற்றுக்கும் அதையே கேளுங்கள். விலை வேறுபாடு மொத்தத் தொகையில் பெரிதாகத் தெரியாது. சட்டத்தின் மேற்பூச்சு பவுடர் பூச்சானால் 60 முதல் 80 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, அனோடைஸ் (மின்முறை மேற்பூச்சு) செய்ததானால் 25 மைக்ரோன் தடிப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். அதன் பின்னரும் மாதத்துக்கு ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

இழுவை யன்னல் பற்றி எனக்குக் கடும் தயக்கம் உண்டு. நாலரை அடி யன்னலில் ஒருபோதும் பாதிக்கு மேல் திறக்க முடியாது. கச்சான் எனும் வெப்பக் காற்று வீசும் நாட்களில், அதுவும் மின்சாரம் நின்றுவிட்டால், அந்த இழந்த பாதியின் அருமை வீட்டிலுள்ளோருக்குத் தெரியும். மாரியிலோ கீழ்த் தண்டவாளத்தில் நீர் கட்டி நிற்கும். வெளிப்பக்கம் வடிதுளைகள் இல்லாவிட்டால் காற்று அந்த நீரைத் தள்ளிப் படுக்கை அறைக்குள் ஊற்றும். வெளியே திறக்கும் கதவு யன்னல் சற்று விலை கூடினாலும் முழுவதும் திறக்கும். மூடும்போது ரப்பர் பட்டியில் அழுந்தி நிற்பதால் மழையையும் நன்றாகத் தடுக்கும். உங்கள் அம்மாவுக்கும் அதன் கைப்பிடியைத் திருப்புவது இலகுவாக இருக்கும்.

அக்கரைப்பற்று மரவேலை:

எங்கள் குடும்பத்தில் தலைமுறையாக ஓடாவி வேலைதான். முதிரை நிலையைக் கழற்றப் போகிறேன் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது மனம் கேட்கவில்லை. அந்த மரத்தை இன்று அதே முற்றிய வைரத்தோடு வாங்குவது எளிதல்ல. ஏற்றிவருவதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேறு வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகச் சோதித்த பின்னர் முடிவெடுங்கள்.

சோதிப்பது கடினமல்ல. கூர்மையான திருப்புளி ஒன்றை எடுத்து, கீழ்ச்சட்டமும் பக்கச் சட்டமும் பொருந்தும் மூலையில் அழுத்துங்கள். நீர் வடிந்து தங்குமிடம் அதுதான். முதலில் இற்றுப்போவதும் அதுவே. நல்ல முதிரையானால் நுனி ஏறாது, கை வழுக்கும். இற்ற மரமானால் மேலே பெயின்ற் பளபளப்பாக இருக்க, திருப்புளி அரை அங்குலம் சத்தமின்றி உள்ளே போகும். வெளியே இழுத்தால் நுனியில் ஈரமான கருந்தூள் ஒட்டி வரும். சுவரோடு ஒட்டிய பக்கத்தில் கறையான் மண்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழ் மூலை மட்டும் பழுதென்றால், நல்ல மரம் வரும் வரை சாய்வாக வெட்டி, அதே இனத் துண்டை இணைத்துத் திருத்தலாம். நிலை நன்றாக இருந்து கதவு மட்டும் ஊறிப் பிடிக்கிறதென்றால், கோடையில் மரம் நன்கு காய்ந்திருக்கும்போது கழற்றி, விளிம்பைச் சீவி, நான்கு ஓரத்துக்கும் அடி விளிம்புக்கும் விடாமல் பெயின்ற் அடிக்க வேண்டும். பலரும் கண்ணுக்குத் தெரியாத அடி விளிம்பை விட்டுவிடுவார்கள். மரம் நீர் குடிப்பது அவ்வழியாகத்தான். மாரியில் ஊறியிருக்கும்போது சீவினால் கோடையில் இடைவெளி விழும். 1981இல் அடித்த எனாமல் பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், சிறு பிள்ளைகளை அப்பக்கம் விடவேண்டாம்.

சிலர், பழைய நிலையை அப்படியே வைத்து, அதற்குள் அலுமினியச் சட்டத்தைச் செருகலாம் என்பார்கள். உடைப்பு வேலை மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் வெளிச்சம் ஒவ்வொரு பக்கமும் ஓரிரு அங்குலம் குறையும். உள்ளே இற்ற மரம் இருந்தால் மூடி மறைக்கப்பட்டு, பின்னர் சட்டமே ஆடத் தொடங்கும். நல்ல நிலைக்கு மட்டுமே அது பொருந்தும். இன்னொன்று: கழற்றிய மரத்தைப் பொருத்துபவர் சும்மா ஏற்றிச் செல்ல விடாதீர்கள். பழைய முதிரைக்கும் தேக்குக்கும் எங்கள் தொழிலில் எப்போதும் விலை உண்டு. அத்தொகையைக் கூலியில் கழிக்கலாம், அல்லது மற்ற யன்னல்களைத் திருத்தும் துண்டுகளுக்கு அதையே பயன்படுத்தலாம்.

கல்லடியூரான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே ஒவ்வொன்றாகச் சோதித்தோம். கிழக்கும் வடக்கும் பார்த்த மூன்று பெரிய யன்னல்களில் நிலையே கெட்டுவிட்டது. மிகுதி ஐந்தின் நிலைகளில் திருப்புளி ஏறவேயில்லை. சிறியவை மூன்றும் இன்னும் சில காலம் தாங்கும். மேலே கொத்திப் பார்த்ததில் லின்ரல் இருக்கிறது.

ஆகவே மூன்றை மட்டும் வெளியே திறக்கும் அலுமினியமாக மாற்ற எண்ணியுள்ளேன். தடித்த பூச்சுடனும் 316 திருகாணியுடனும் வரி உட்படச் சதுர அடி 3,100 ரூபாய் என்றார்கள். 54 சதுர அடிக்கு 167,400. உடைத்துப் பூசிப் பெயின்ற் அடிக்க யன்னல் ஒன்றுக்கு 18,000, கிறில் ஒன்றுக்கு 14,000. இரண்டும் சேர்ந்து மூன்றுக்கும் 96,000. மொத்தம் 263,400 ரூபாய். எஞ்சும் 36,600 ரூபாயில் ஓடாவியைக் கொண்டு மற்றைய கதவுகளில் இயன்றவற்றைச் சீவித் திருத்தலாம். பொருத்துபவர் பாதித் தொகையை முற்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? வேலையின் ஒழுங்கு எப்படி இருக்க வேண்டும்?

களுவாஞ்சிகுடி மேற்பார்வையாளர்:

பாதியைக் கேட்பது வழக்கம்தான். சட்டத்தையும் கண்ணாடியையும் அவர் காசு கொடுத்தே எடுக்க வேண்டும். ஆனால் சட்டத்தின் தடிப்பு, பூச்சின் மைக்ரோன், கண்ணாடியின் தடிப்பு, திருகாணியின் தரம், வரி ஆகியவை எழுதப்பட்ட தாளில் அவர் கையொப்பமிட்ட பிறகு கொடுங்கள். இந்த அளவுக் கதவுக்குக் கண்ணாடி 5 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. சூடேற்றி வலுவூட்டிய கண்ணாடியைப் பின்னர் வெட்ட முடியாது என்பதால், பழைய நிலையைக் கழற்றி ஓரம் பூசிய பின்னரே இறுதி அளவு எடுக்க வேண்டும். அதுவரை வாய்ப்பகுதியைத் தகரத்தாலோ பலகையாலோ அடைத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு யன்னலுக்கு மேல் உடைக்க வேண்டாம்.

பூச்சு காய்வதற்கு முன் அலுமினியத்தை வைக்க விடாதீர்கள். ஈரச் சீமெந்தின் காரம் அதை அரித்துக் கறைபடுத்தும். வெளிப்புறக் கீழ்த்தளம் வெளிநோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அதன் அடியில் விரலளவு காடி (நீள்பள்ளம்) ஒன்று எடுக்க மேசனிடம் சொல்லுங்கள். சுவரோடு வழிந்து வரும் நீர் அங்கே சொட்டி விழுந்துவிடும். பங்குனி முதல் ஆவணிக்குள் இதெல்லாம் முடிவது நல்லது.

பொருத்தி முடிந்ததும், தோட்டத்துக் குழாயால் வெளியிலிருந்து ஒவ்வொரு யன்னலுக்கும் கால் மணி நேரம் நீர் அடித்து, உள்ளே கையால் தடவிப் பாருங்கள். ஈரமில்லையென்றால் கணக்கைத் தீர்க்கலாம், ஆனால் பத்து வீதத்தை ஐப்பசியின் முதல் பெருமழை வரை நிறுத்தி வைப்பதாக அதே தாளில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.