ஐஸ் கட்டும் ஏசி: கேஸ் ஏற்றியும் தீராத கேஸ்கள்

1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி, உள்ளே ஆர்-32 என்ற குளிர்விக்கும் கேஸ். ஃபில்டர் சுத்தம், காயிலின் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதி) முன்பக்கமும் பளிச். ஆனாலும் இரண்டு மணி நேரம் ஓடினால் காயில் முழுக்க வெள்ளையாக ஐஸ். ஏற்கெனவே யாரோ கேஸ் டாப்-அப் வேறு செய்திருந்தார்கள். காற்று வெளிவரும் லூவருக்குள் டார்ச் அடித்தால் ப்ளோயர் (காற்றைத் தள்ளும் உருளை ஃபேன்) இறக்கைகளே தெரியவில்லை, அத்தனை தூசி. ஃபேன் சத்தம் மட்டும் வழக்கம்போலக் கேட்கும், ஏமாறுவது அங்கேதான். ப்ளோயரைக் கழற்றிக் கழுவி மாட்டியதும் ஐஸ் நின்றது. ஏற்கெனவே கூடுதலாக ஏற்றியிருந்ததால், உள்ளிருந்த கேஸைத்தான் முழுக்க மீட்டு, ஸ்டிக்கரில் உள்ள எடைக்குத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது.

———

எல்லாப் பழியையும் தூசி மேல் போடாதீங்க சார். ஐஸ் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே இல்லையே? நான் பார்த்த ஒன்றில் கேஸ் நுழையும் மூலையில் மட்டும் நாலு விரல் அகலம் ஐஸ், மீதிக் காயிலில் குளிர்ச்சியே இல்லை. அவுட்டோரில் மெல்லிய பைப் வால்விலும் பனி. இன்டோரில் பைப்பை இணைக்கும் ஃப்ளேர் நட்டைத் தொட்டால் விரலில் எண்ணெய். அது சுத்தமான லீக்.

———

இரண்டும் இல்லாத ஒன்று: சர்வீஸுக்குப் பிறகு காயில் சென்சார் செம்புக் குழலிலிருந்து நழுவிக் காற்றில் தொங்கியது. காயில் உறைவது போர்டுக்குத் தெரியாது, கம்ப்ரஸரை நிறுத்தாது. திரும்ப அதன் இடத்தில் செருகியதும் சரியானது.

———

முதல் பதிவுக்காரருக்கு ஒன்று. ஐஸ் இருக்கும்போது பிரஷர் கேஜ் மாட்டவே கூடாது. காற்று குறைந்தாலும் கம்ப்ரஸர் இழுக்கும் பக்கத்து அழுத்தம், அதாவது சக்‌ஷன் இறங்கும், கேஸ் குறைந்தாலும் இறங்கும். ஆர்-32க்கு சுமார் 103 பி.எஸ்.ஐ.யில் காயில் 0 டிகிரி. முள் 80ஐக் காட்டியதும் சிலிண்டரைத் திறப்பவர்கள்தான் அந்த டாப்-அப் ஆசாமிகள்.

முதலில் ஃபேன் மோடில் முழுக்க உருக விடுங்கள். சுரண்டினால் காயிலில் ஓட்டை விழும். ட்ரே நிரம்பி வழியும், கீழே துணி போடுங்கள். பிறகு கூலிங்கில் ஃபேனை ஹையில் வைத்து 15 நிமிடம் ஓட்டி, உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று இரண்டின் வெப்பநிலையையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி என்றால் நலம். 15க்கு மேல் போய்க் காற்றும் மந்தம் என்றால் ப்ளோயரிலோ காயிலின் பின்பக்கத்திலோ தூசி. காற்று பலமாக வந்தும் 5, 6தான் என்றால் கேஸ் குறைவு. இன்வெர்ட்டராக இருந்தால் டெஸ்ட் மோடில் (கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும் நிலை) ஓட்டாமல் எந்த அளவையும் நம்பாதீங்க, கம்ப்ரஸர் வேகத்தோடு எல்லாம் மாறும்.

லீக் என்றால் நைட்ரஜன் அடைத்து சோப்பு நுரை, ஃப்ளேரை (பைப்பின் விரித்த முனை) புதிதாக வெட்டுவது, 500 மைக்ரானுக்குக் கீழே (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வேக்யூம், எடை பார்த்து சார்ஜ். ஆர்-32 தீப்பிடிக்கும், லைனில் கேஸ் இருக்கும்போது பற்றவைக்கும் டார்ச் பக்கத்திலேயே வரக் கூடாது.

———

இவ்வளவு எழுதிவிட்டு ஃபேன் மோட்டாரைச் சுழல வைக்கும் கப்பாசிட்டரை விட்டுட்டீங்களே! மேலே 1.5 மைக்ரோஃபேரட் என்று போட்டிருக்கும், மீட்டரில் 0.8 காட்டியது. ப்ளோயர் கண்ணாடி மாதிரி சுத்தம், வேகம்தான் இல்லை. மாற்றியதும் ஐஸ் போச்சு.